சாம் மில்ஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் அமெரிக்காவின் சார்லட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே கரோலினா பாந்தர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்கு வெளியே சாம் மில்ஸ் என்பவருக்குச் சிலை இருக்கிறது. மேட்சுக்கு முன்னால் பெரிய முரசு ஒன்றை அடிக்கிறார்கள், அதுவும் அவர் நினைவாகத்தானாம். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். ஆள் குள்ளம், யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, விடாமல் முயன்று முன்னுக்கு வந்தார், கோச்சாக இருந்தபோது புற்றுநோய் வந்தது, 'கீப் பவுண்டிங்' (விடாமல் இடித்துக்கொண்டே இரு) என்று ஒரு பேச்சுப் பேசினார், இறந்துபோனார். கேட்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் களத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், 'லைன்பேக்கர், நன்றாக மோதுவார்' என்பதோடு சரி. மோதியதற்கும் ஒரு பேச்சுக்கும் சிலையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர், சார்லட்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் இரண்டு தேதிகள். அந்தச் சிலையை வைத்தது 1998-ல். மில்ஸுக்கு நோய் இருப்பது தெரியவந்தது 2003-ல். ஆக, சிலை அவருடைய ஆட்டத்துக்காக வைத்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

மில்ஸ் மோதினார், உண்மைதான். ஆனால் எங்கே போய் மோத வேண்டும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார். அவருடைய வித்தை அதுதான்.

தடுக்கும் அணியில் பதினோரு பேர். எதிராளியோடு முட்டிக்கொண்டு நிற்கும் முன்வரிசைக்காரர்களுக்குச் சில கஜம் பின்னால் நிற்பவர்கள் லைன்பேக்கர்கள். மில்ஸ் அவர்களில் நடுப்பகுதியில் நிற்பவர். அங்கே நிற்கிறவர் நம்மைப் போலப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதிரணி முன்வரிசையில் 'கார்டு' என்று இரண்டு பேர் உண்டு, கண் அவர்கள் மேல் இருக்க வேண்டும். கார்டு வரிசையை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பெரும்பாலும் பந்தும் அந்தப் பக்கம்தான் போகும். நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ் வரப்போகிறது, அதாவது பந்தை எறியப்போகிறார்கள். முன்னால் பாய்ந்தால் நேராக ஓடி வரப்போகிறார்கள். இவை எல்லாமே நடிப்பாகவும் இருக்கலாம். இதைப் படித்து முதல் அடியை எடுத்து வைக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. அந்த அடி தப்பானால் ஓடுகிறவனின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று, அன்றைக்குத் தடுப்பு ஆட்டக்காரர்களின் ஹெல்மெட்டில் ரேடியோ கிடையாது. அது 2008-ல்தான் வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கும் கோச்சின் சைகையைப் புரிந்துகொண்டு, காது அடைக்கும் கூச்சலில் மற்றவர்களுக்குச் சொல்லி, எதிரணி இடம் மாறி நின்றால் கடைசி நேரத்தில் ஆட்களை நகர்த்தவும் வேண்டும். பதினோரு பேர் வேலையும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உயரத்துக்கு வருவோம். ஐந்தடி ஒன்பது அங்குலம். இந்த விளையாட்டில் இரண்டு உடம்புகள் மோதும்போது, எதிராளியின் தோளுக்குக் கீழே புகுந்து தூக்குகிறவனுக்குத்தான் பிடி கிடைக்கும். உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக் கஷ்டப்பட்டு அடைகிற நிலையில் மில்ஸ் சும்மாவே இருந்தார். 'குள்ளமாக இருந்தும் ஜெயித்தார்' என்ற பேச்சில் இதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1959-ல் நியூஜெர்சியின் நெப்டியூன் என்ற ஊரில் பிறந்தவர். படித்தது மான்ட்க்ளேர் ஸ்டேட்டில், விளையாட்டுக்கு உதவித்தொகை தராத பிரிவில் ஆடும் கல்லூரி. 1981-ல் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் க்ளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணி கழற்றிவிட்டது, அடுத்த வருடம் கனடாவில் டொரான்டோ அணியும் அப்படியே. ஈஸ்ட் ஆரஞ்ச் உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்கு மரவேலையும் புகைப்படக்கலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பள்ளி அணிக்குத் துணைக் கோச்சாகவும் இருந்தார். 1983-ல் யூஎஸ்எஃப்எல் என்ற புதிய லீக் தொடங்கியபோது ஃபிலடெல்ஃபியா ஸ்டார்ஸ் அவரை எடுத்தது. அங்கே கோச் ஜிம் மோரா. ஸ்டார்ஸ் 1984-லும் 1985-லும் பட்டம் வென்றது. லீக் நின்றுபோனது. மோரா 1986-ல் என்எஃப்எல்லின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்குப் போனபோது மில்ஸும் கூடப் போனார். தான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே சிறந்த ஆட்டக்காரர் மில்ஸ்தான் என்று மோரா பின்னாளில் சொன்னார்.

செயின்ட்ஸ் 1967-லிருந்து ஆடிவந்த அணி. தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமாக இருந்த சீசன் 1987-க்கு முன் அதற்கு ஒன்றுகூட அமையவில்லை. அதை மாற்றியதில் பெரும்பங்கு நான்கு லைன்பேக்கர்களுக்கு: ரிக்கி ஜாக்சன், பாட் ஸ்வில்லிங், வான் ஜான்சன், மில்ஸ். 1992 சீசனில் நால்வருமே, சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ப்ரோ பவுலுக்குத் தேர்வானார்கள், ஒரே அணியின் நான்கு லைன்பேக்கர்கள் அப்படித் தேர்வானது அதுவே முதல் முறை. ஆனால் அந்த வருடங்களில், பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃபில் ஒரு ஆட்டத்தைக்கூட செயின்ட்ஸ் ஜெயிக்கவில்லை. அதனால்தான் அந்த நால்வரின் பெயர் நியூ ஆர்லியன்ஸைத் தாண்டி அதிகம் பரவவில்லை என்று நினைக்கிறேன்.

1995-ல் உங்கள் ஊருக்குப் புதிதாக வந்த பாந்தர்ஸில் சேர்ந்தபோது வயது 36. முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. ஆறாவது ஆட்டம் நியூயார்க் ஜெட்ஸோடு. சார்லட் ஸ்டேடியம் இன்னும் கட்டி முடியாததால் க்ளெம்சனில் நடந்தது. ஜெட்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பப்பி பிரிஸ்டர் 'ஷவல் பாஸ்' போட்டார். பந்தை ஓங்கி எறியாமல், பாய்ந்து வரும் தடுப்பாளர்களுக்கு நடுவே, முன்னால் ஓடும் ஆளுக்கு மெதுவாகத் தள்ளிவிடுவது. எல்லோரும் குவாட்டர்பேக்கைத் துரத்திக்கொண்டு போவார்கள் என்பதை நம்பித்தான் அந்தத் திட்டமே. மில்ஸ் துரத்தவில்லை. பந்து வரும் வழியில் நின்றிருந்தார், நேராகக் கைக்கு வந்தது. 36 கஜம் ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினார், டச்டவுன். பாந்தர்ஸ் வரலாற்றின் முதல் வெற்றி அன்றைக்குத்தான். ஓடிப் பிடிக்கும் வயது அது இல்லை, படித்துப் பிடித்தார்.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். சிகிச்சை எடுத்துக்கொண்டே லைன்பேக்கர்களுக்குக் கோச்சாக இருந்தார். 2004 ஜனவரியில் டல்லாஸுடனான ப்ளேஆஃப் ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம், நோய் என்று தெரிந்தபோது விட்டுவிடுவது அல்லது விடாமல் இடித்துக்கொண்டே இருப்பது என்று இரண்டு வழிதான் இருந்தது, நான் இடித்துக்கொண்டே இருந்தேன் என்றார். அந்த அணி இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போய் 32-29 என்று தோற்றது. 2005 ஏப்ரலில், 45 வயதில் மில்ஸ் காலமானார். அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்க்க 2022 வரை ஆனது, வழக்கமான பட்டியலில் அவர் பெயர் இருக்கக்கூடிய கடைசி வருடம். இந்தத் தாமதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1996 சீசனின் டல்லாஸ் ப்ளேஆஃப் ஆட்டம், 1997 ஜனவரி 5 அன்று உங்கள் ஊரிலேயே நடந்தது, வீடியோ கிடைத்தால் பாருங்கள். பந்தை மறந்துவிட்டு மில்ஸின் சட்டை எண்ணான 51-ஐ மட்டும் பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் டல்லாஸ் குவாட்டர்பேக் டிராய் எய்க்மன் எறிந்த பந்தை இடைமறித்து ஆட்டத்தை முடித்துவைப்பார். அப்போது அவருக்கு வயது 37.

அன்புடன்.