மைன்கிராஃப்டில் பூட்டிய டிஃபிகல்டியை மாற்றுவது: கேள்வி பதில்

இங்கே சொல்வதெல்லாம் ஜாவா பதிப்புக்கு, அதிலும் 1.14 முதல் 1.21 வரை உள்ளவற்றுக்கு.

கேள்வி: அண்ணா, என் தம்பி டிஃபிகல்டியை (விளையாட்டின் கடினநிலையை) ஹார்டில் வைத்துப் பக்கத்தில் இருந்த பூட்டையும் அழுத்திவிட்டான். இனி மாற்றவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் செட்டிங்ஸ் வழியாக முடியாது, அந்தப் பூட்டுக்கு அங்கே சாவி இல்லை. முதலில் சுலபமான வழியைப் பாருங்கள். எஸ்கேப் அழுத்தி, 'ஓப்பன் டு லேன்' போய், சீட்ஸை (கட்டளைகளை அனுமதிக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். பிறகு சாட்டில் டிஃபிகல்டி கட்டளையைக் கொடுத்தால் பூட்டையும் மீறி நிலை மாறும். பூட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

பூட்டையே எடுக்க வேண்டுமென்றால் உலகத்தின் அமைப்புகள் பதிவாகும் லெவல்.டாட் (level.dat) கோப்பைத்தான் தொட வேண்டும். உலகத்தைச் சேமித்து விளையாட்டை முழுதாக மூடிவிடுங்கள். திறந்தபடி திருத்தினால், அது அடுத்த முறை சேமிக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். என்பிடி எக்ஸ்ப்ளோரர் (NBTExplorer) என்ற, இத்தகைய கோப்புகளைத் திருத்தும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, 'டேட்டா' பகுதிக்குள் 'டிஃபிகல்டி லாக்டு' என்பதை 1-லிருந்து 0 ஆக்கிச் சேமியுங்கள். அதன் அருகிலேயே 'டிஃபிகல்டி' இருக்கும்: 0 பீஸ்ஃபுல், 1 ஈஸி, 2 நார்மல், 3 ஹார்டு. வேறு எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: கோப்பு எங்கே இருக்கிறது? நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கலாக வருகிறதே?

பதில்: உலகப் பட்டியலில் உங்கள் உலகத்தைத் தேர்ந்தெடுத்து 'எடிட்' அழுத்துங்கள். அங்கே 'ஓப்பன் வேர்ல்ட் ஃபோல்டர்' இருக்கும். அதே திரையில் உள்ள 'மேக் பேக்கப்'பை முதலில் அழுத்திவிடுங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். நோட்பேடில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். அது ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பு, எழுத்தாகச் சேமித்தால் கெட்டுவிடும்.

கேள்வி: ஐயோ, ஏற்கெனவே சேமித்துவிட்டேன். உலகம் திறக்கவில்லை. கட்டிய வீடெல்லாம் போச்சா?

பதில்: பதறாதீர்கள், வீடு போகவில்லை. கட்டியதெல்லாம் 'ரீஜன்' என்ற வேறு ஃபோல்டரில் இருக்கிறது. அதே இடத்தில் 'லெவல்.டாட்_ஓல்டு' (level.dat_old) என்று முந்தைய நகல் ஒன்று இருக்கும். கெட்டதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, இதன் பிரதி ஒன்றை எடுத்து லெவல்.டாட் என்று பெயர் மாற்றுங்கள். உங்கள் கைவசமிருந்த பொருட்கள் லெவல்.டாட்டில்தான் பதிவாகின்றன, அதனால் அவை சற்று முந்தைய நிலைக்குப் போயிருக்கலாம்.

கேள்வி: ஹார்டுகோரில் (ஒருமுறை இறந்தால் மறுபடி பிறக்க முடியாத விளையாட்டு முறை) என் மகளின் பாத்திரம் இறந்துவிட்டது, மாதக்கணக்கில் கட்டிய உலகம். மீட்டுத் தர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இறந்த திரையில் 'ஸ்பெக்டேட் வேர்ல்ட்' அழுத்தி உள்ளே போய், சேமித்து வெளியே வாருங்கள். பேக்கப் எடுத்தபின் அதே லெவல்.டாட் கோப்பில் 'ஹார்டுகோர்' என்பதை 0, 'அலவ் கமாண்ட்ஸ்' என்பதை 1 ஆக்கிச் சேமியுங்கள். மறுபடி உள்ளே போனதும் கேம்மோட் கட்டளையால் சர்வைவலுக்கு மாற்றுங்கள். சிந்திய பொருட்கள், அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருந்தால், 5 நிமிடத்தில் மறைந்துவிடும். அதனால் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். தனியாக விளையாடும் உலகத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தை கட்டியது காப்பாற்றப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: போனில் பெட்ராக் பதிப்பை விளையாடுகிறேன், இதே முறை சரிவருமா?

பதில்: வராது. கோப்பின் பெயர் ஒன்றுதான், ஆனால் அமைப்பு வேறு: முன்னால் 8 பைட் தலைப்பு இருக்கும், ஜிசிப் சுருக்கம் கிடையாது. பெட்ராக்குக்கென்று உள்ள எடிட்டர்தான் வேண்டும். சீட்ஸ் ஆன் செய்வதற்கு மட்டும் என்றால் உலகத்தின் செட்டிங்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது, கோப்பைத் தொடத் தேவையில்லை.