மச்சான் குடும்பத்தையும் சேர்த்து என் கார்டிலேயே போட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. தாம்பரத்தில் வசிக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது மாதம் 92,000 ரூபாய். வீட்டுக்கடன், பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போக ஏறக்குறைய 14,000 நிற்கும். அதில் 6,855 ரூபாய் கிரெடிட் கார்டு தவணைக்குப் போகிறது. சென்ற ஆண்டு மே மாதம் நாங்கள் நால்வரும், மனைவியின் அண்ணன் குடும்பத்தினர் நால்வரும் கோவா போனோம். மொத்தச் செலவு 1,84,000. பாயிண்ட்ஸ் கிடைக்குமே என்று எல்லாவற்றையும் என் கார்டில் போட்டேன். மச்சான் பிறகு 20,000 கொடுத்தார். மீதியைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. கையிலிருந்ததைச் சேர்த்துக் கட்டியது போக 1,40,000-ஐ 24 மாதத் தவணையாக மாற்றிக்கொண்டேன் (16% வட்டி). இன்னும் 10 தவணை பாக்கி. இந்த டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் கொல்கத்தா போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஓடாமல் நிதானமாகச் சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு வர ஆசை. மச்சானும் வருகிறேன் என்கிறார். விமானம், ஹோட்டல், சிட்டி டூர் சேர்ந்த பேக்கேஜ் தலைக்கு 29,500. எட்டுப் பேருக்கு 2,36,000. வங்கியில் 14% வட்டியில் 3 லட்சம் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது என்கிறார்கள். பழைய கார்டு பாக்கி 64,000-ஐயும் அதிலேயே அடைத்துவிடலாம், வட்டியும் குறைவு. எடுக்கலாமா? மனைவி சைவம், அங்கே சாப்பாடு கிடைக்குமா? ஒரு மாலில் ஹாலிடே கிளப் உறுப்பினர் ஆகச் சொல்லி இலவச இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். போகலாமா? அவசரத்துக்கு ஒன்றரை லட்சம் எஃப்டி இருக்கிறது. அக்டோபரில் போனஸ் 45,000 வரும்.
– பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: கொல்கத்தாவுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். கடன் வேண்டாம். பட்ஜெட் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடிதத்திலேயே கணக்கு சுத்தமாக இருக்கிறது. இடிப்பது ஒரே இடம்தான்: எட்டுப் பேர் செலவையும் உங்கள் கார்டில் போடுகிற பழக்கம்.

கோவா கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,84,000-ல் மச்சான் வீட்டுப் பங்கு 92,000. தந்தது 20,000 போனால் பாக்கி 72,000. நீங்கள் தவணையாக மாற்றியது 1,40,000. அதாவது மாதாமாதம் நீங்கள் கட்டும் 6,855-ல் பாதிக்கு மேல் அவர் வீட்டுச் செலவு. 24 மாதத்துக்கு இதன் வட்டி சுமார் 24,500. வட்டி மேல் 18% ஜிஎஸ்டி வேறு, அது ஒரு 4,400. ஆக உறவுக்காக நீங்கள் விட்டது 72,000 மட்டுமில்லை. அதற்கான வட்டியும் உங்கள் தலையில்தான். பாயிண்ட்ஸ் எவ்வளவு கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 1,840 ரூபாய். 29,000 செலவழித்து 1,840 சம்பாதித்திருக்கிறீர்கள்.

அடுத்து அந்த 3 லட்சம். 16% கடனை 14% கடனால் அடைப்பது லாபம் என்று தோன்றுவது இயல்பு. வங்கி அதைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி முன்பாதியிலேயே கழிந்துவிடும். 14 தவணை கட்டிவிட்டீர்கள். மிச்சம் இருக்கும் 10 தவணையில் வட்டி என்று பார்த்தால் ஏறக்குறைய 4,800 ரூபாய்தான். அதே 64,000-ஐப் புதிய கடனில் ஏற்றி 36 மாதம் இழுத்தால் அதற்கு மட்டும் வட்டி 14,700-ஐத் தாண்டும். சதவீதம் குறைந்தது, ரூபாய் மூன்று மடங்கானது. மொத்தமாகப் பார்த்தால் தவணை 6,855-லிருந்து 10,250 ஆகும். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 69,000. அதற்குள் இன்னும் இரண்டு டிசம்பர் வந்துவிடும், மச்சானும் வருவார். அப்போது 'டாப்-அப்' என்று, ஓடுகிற கடன் மேலேயே இன்னொரு கடனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

போனஸை வைத்துப் பழைய தவணையை முன்கூட்டியே அடைக்கலாமா என்று யோசிப்பீர்கள். பொதுவாக ஆமாம் என்பேன். உங்கள் விஷயத்தில் அக்டோபர் தவணைக்குப் பிறகு மீதி எட்டுதான். மிச்ச வட்டி ஜிஎஸ்டியோடு 3,700 இருக்கும். முன்கூட்டி அடைக்கப் பெரும்பாலும் மூன்று சதவீதம் அளவுக்குக் கட்டணம் கேட்பார்கள். அது போனால் மிஞ்சுவது இரண்டாயிரம்கூட இல்லை. அது பாட்டுக்கு ஓடி அடுத்த ஜூனில் முடியட்டும். போனஸ் பயணத்துக்கு.

இப்போது நால்வருக்கு மட்டும் கொல்கத்தா எவ்வளவு ஆகும்? சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனால் கிட்டத்தட்ட ஒரு பகல், ஒரு இரவு, கொஞ்சம் கூடுதல். மூன்றாம் வகுப்பு ஏசியில் தலைக்கு ஒரு வழி இரண்டாயிரத்துக்குள் முடியும். நால்வருக்குப் போக வர 16,000 வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் விமானம் என்றால் இதைப்போல நான்கு மடங்கு எளிதாகப் போய்விடும். அறைக்கு ஆறு இரவு, நாளுக்கு 3,500 வீதம் 21,000. சாப்பாடு 22,000. ஊருக்குள் போக்குவரத்து 7,000, நுழைவுச் சீட்டுகள் 3,000, புடவை, இனிப்பு என்று 10,000. கூட்டினால் 79,000.

உங்களிடம் இருப்பது போனஸ் 45,000, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாதம் 7,000 வீதம் 28,000. மொத்தம் 73,000. துண்டு விழுவது 6,000. மச்சான் தர வேண்டிய 72,000-ல் பத்தில் ஒரு பங்கு வந்தாலே சரியாகிவிடும்! வரவில்லை என்றால் புடவைக் கணக்கில் கை வையுங்கள். எஃப்டியைத் தொட வேண்டாம்.

பேக்கேஜில் தலைக்கு 29,500 என்றால் நால்வருக்கு 1,18,000. நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு சிட்டி டூருக்கு ஏன் பணம் கட்டுகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. வண்டியில் ஏற்றி, இறக்கி, 'நாற்பது நிமிஷம் சார்' என்பார்கள். கொல்கத்தா அப்படிப் பார்க்கிற ஊர் இல்லை. பார்க்க வேண்டியவை விலை குறைந்தவை. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச் முதல் மெட்ரோ ஓடுகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான். திரும்பும்போது ஹவுராவிலிருந்து படகில் வந்தால் 1943-ல் திறந்த பாலத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு சில்லறைக் காசு. 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். விக்டோரியா நினைவிடம், ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு, தட்சிணேஸ்வரம், அங்கிருந்து ஆற்றைத் தாண்டி பேலூர் மடம், களிமண் சிலை செய்யும் குமார்துலி, பழைய புத்தகங்களுக்குக் காலேஜ் ஸ்ட்ரீட்: நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். திங்கட்கிழமை மட்டும் ஜாக்கிரதை. அருங்காட்சியகமும் விக்டோரியா காட்சிக்கூடமும் தாகூர் வீடும் அன்று மூடியிருக்கும். ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கும் அன்று விடுமுறைதான், அங்குள்ள ஆலமரத்தை வேறொரு நாள் பாருங்கள். திங்களன்று தட்சிணேஸ்வரம், குமார்துலி பக்கம் போகலாம்.

சைவம் பற்றிய கவலைக்கு: அறையை பார்க் ஸ்ட்ரீட்டில் போடாதீர்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அங்கே கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். தெற்கே காளிகாட் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ராஷ்பிஹாரி, லேக் மார்க்கெட் பகுதியில் பாருங்கள். நம்மூர்க்காரர்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். இட்லி, காபி, வாழை இலை, பூ எல்லாம் கிடைக்கும். வங்காளச் சமையலிலேயே சைவம் ஏராளம். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், மதியம் கசப்புக் காய் சேர்த்த சுக்தோ, வாழைப்பூவில் செய்யும் மோச்சார் கொண்ட்டோ, பூரி போன்ற லூச்சியோடு தேங்காய் போட்ட கடலைப்பருப்பு. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி இருக்கவே இருக்கிறது. டிசம்பரில் போவதால் இன்னொரு அதிர்ஷ்டம்: புதுப் பேரீச்ச வெல்லத்தில் செய்த நோலென் குர் சந்தேஷ் என்ற பால் இனிப்பு குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

ஒருவேளையாவது பைஸ் ஹோட்டல் ஒன்றில் சாப்பிடுங்கள். காசு என்ற பொருளில் வந்த பெயர் அது. பழைய காலத்து மெஸ். சோறு தனி விலை, பருப்பு தனி, மீன் தனி. பழைய கடைகளில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனியாகக் காசு. சாப்பிட்டு எழுந்ததும் பரிமாறியவர் ஒவ்வொன்றையும் மனப்பாடமாகக் கூட்டிச் சத்தமாகச் சொல்வார். யாரும் முகம் சுளிப்பதில்லை. மச்சானைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஆமாம், மச்சானும் வரட்டும் என்றுதான் சொல்கிறேன். அவரைத் தவிர்த்தால் மனைவிக்குத்தான் சங்கடம், அந்தச் சண்டையில் நான் இல்லை. செலவை மட்டும் பிரித்துவிடுங்கள். பிரிக்க நல்ல சாக்கு ரயில்வேயே கொடுக்கிறது: ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. எட்டுப் பேர் என்றால் எப்படியும் இரண்டு டிக்கெட். இரண்டாவதை அவர் போடட்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். டிசம்பர் 24-ல் கிளம்புவதாக இருந்தால் அக்டோபர் கடைசி வாரத்தில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். அண்ணனிடம் பணப் பேச்சை எடுக்க வைத்தால் அடி அவருக்குத்தான் விழும். நீங்களே, சாதாரணமாக: "மச்சான், 25-ம் தேதி காலையில புக்கிங் ஓப்பன் ஆகுது. உங்க நாலு பேருக்கு நீங்க போட்டுடுங்க, எங்களுக்கு நான் போட்டுடறேன். ஒரே கோச்சா கிடைக்குதான்னு பாப்போம். ரூம் லிங்க் அனுப்பறேன், அதையும் அப்படியே பண்ணிடலாம்." அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், கோவாவை இழுக்க வேண்டாம்.

"நீயே போட்டுடு மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அப்போது, "கார்டுல போன வருஷ தவணையே இன்னும் ஓடுது மச்சான், லிமிட் இல்ல" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. ஊருக்குப் போன பிறகு டாக்சி, டீ, பொதுச் சாப்பாடு ஆகியவற்றுக்கு ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள். வீட்டுக்கு 5,000 முதல் நாளே ரொக்கமாக உள்ளே போக வேண்டும். தீர்ந்தால் இரு வீடும் மறுபடி சமமாகப் போட வேண்டும். பர்ஸ் உங்கள் பெரிய பிள்ளையிடமோ அவருடைய பிள்ளையிடமோ இருக்கட்டும். பிள்ளைகள் கணக்கில் கறார்.

இப்படிச் சொன்னதும் மச்சான் வரவில்லை என்றால்? அது அவர் முடிவு. இலவசமாக வருவதற்கும் சேர்ந்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பழைய 72,000 பற்றி: ஒரே ஒரு முறை கேளுங்கள், பயணத்துக்கு முன்பு, தொகையைச் சொல்லி, "மாசம் 5,000 வீதம் குடுத்தாக்கூடப் போதும்" என்று. தந்தால் நல்லது. தராவிட்டால் மொய் வைத்ததாக நினைத்து மனதிலிருந்து அடித்துவிடுங்கள். ஆனால் அதன் பிறகு உங்கள் கார்டு அவருக்காக வெளியே வரக் கூடாது.

ஹாலிடே கிளப் விருந்துக்குப் போகாதீர்கள். மூன்று மணி நேரம் உட்கார வைத்து, அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்பார்கள். சில லட்சங்களை முதலில் வாங்கிக்கொண்டு, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் வாங்குவார்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது உண்டு, ஆண்டுக்கு ஆண்டு ஏறவும் செய்யும். பள்ளி விடுமுறையில் இடம் கேட்டால்தான் தெரியும். 'நோ காஸ்ட் இஎம்ஐ' பேக்கேஜும் கிட்டத்தட்ட அதே ரகம். ரொக்கத்தில் வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி அங்கே வட்டியாக உட்கார்ந்திருக்கும், மேலே ப்ராசஸிங் கட்டணம். சுற்றுலாவுக்கு என்று யாராவது பங்குச் சந்தை எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) சொன்னாலும் வேண்டாம். ஒரு வருடத்தில் தேவைப்படும் பணத்துக்குச் சந்தையில் என்ன வேலை?

அடுத்த ஜூனில் கார்டு தவணை முடிகிறது. ஜூலை முதல் அதே 6,855-ஐ, அதே தேதியில், வங்கி ஆர்டி-யில் (மாதாந்திரத் தொடர் வைப்பு) போடுங்கள். 12 மாதத்தில் 82,260, கொஞ்சம் வட்டி. மேலே நான் போட்ட கொல்கத்தா கணக்கைப் பாருங்கள்: இதே தொகைதான். கடன் வாங்காமலே ஆண்டுக்கு ஒரு ஊர் பார்க்கும் அளவுக்கு உங்களுக்கு வருமானம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்க சந்தேஷைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வராதீர்கள். ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு முழு நாள் ரயிலில் அது தாங்காது, விலையும் அதிகம். அதை அங்கேயே சாப்பிடுங்கள். ஊருக்கு டின் ரசகுல்லா போதும்.