மண் அணைத்த பிறகு மிளகாய்ச் செடி வாடுகிறதே, ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒட்டன்சத்திரம் அருகே செம்மண் தோட்டத்தில், கிணற்றுப் பாசனத்தில் 30 சென்ட் மிளகாய் நட்டிருக்கிறேன். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. நட்டு 50 நாள் ஆகிறது. பூ நன்றாக வந்து பிஞ்சும் பிடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை அடித்ததில் மேல்மண் இறுகிவிட்டது. போன வாரம் மண்வெட்டியால் செடியைச் சுற்றி அரையடி ஆழம் கொத்தி, பத்து கிலோ யூரியாவைத் தூரில் போட்டு, கவட்டை (தண்டு கிளை பிரியும் இடம்) வரை மண் அணைத்துத் தண்ணீர் கட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து மதிய வெயிலில் செடிகள் தலை தொங்குகின்றன, மாலையில் நிமிர்கின்றன. பூ கொட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு செடிகள் முழுதாகவே காய்ந்துவிட்டன. பாதி வயலில்தான் வேலை முடிந்திருக்கிறது. கைபடாத மீதிப் பாதி நன்றாக நிற்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரி மிளகாய் போடும் என் மாமனார், "மூன்று கொத்து இல்லாமல் மிளகாய் ஏது?" என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ மிளகாயை நோண்டவே கூடாது என்கிறார். மீதிப் பாதியை அணைக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: பாதியில் நிறுத்தினீர்களே, அது நல்லதாயிற்று. ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே வெயில். மண்வெட்டி பட்ட பக்கம் மட்டும் வாடுகிறது என்றால், பூச்சியையோ இலையையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேர் அறுந்திருக்கிறது. மருந்துக்கடையில் ஏதாவது டானிக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

நாற்றங்காலிலிருந்து 40, 45 நாள் நாற்றைப் பிடுங்கும்போதே ஆணிவேரின் நுனி போய்விடுகிறது. நட்ட பிறகு செடி தன் பலத்தைப் பக்கவேர்களில்தான் போடுகிறது. அவற்றில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே படர்கிறது, அதிலும் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மட்டத்தில் நெருக்கமாக இருக்கும். 50 நாள் செடியின் வேர், இலைவட்டத்தின் ஓரம் வரை வந்திருக்கும். அங்கே அரையடி ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கினால் என்ன ஆகும்? மேலே இலை அவ்வளவும் இருக்கிறது, கீழே தண்ணீர் அனுப்பும் வேரில் பாதி இல்லை. காலையில் சமாளிக்கும், மதியம் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் நிமிரும். தன்னால் தாங்க முடியாத சுமையைக் குறைக்கச் செடி முதலில் உதிர்ப்பது பூவை, அடுத்தது பிஞ்சை.

அதன்மேல் யூரியா வேறு. ரக மிளகாய்க்கு (வீரிய ஒட்டு அல்லாதது) நட்ட 30, 60, 90ஆம் நாட்களில் ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. யூரியாவாகக் கணக்கிட்டால் உங்கள் 30 சென்ட் முழுவதற்கும் ஒரு தடவைக்கு எட்டு கிலோ போதும். நீங்கள் பாதி வயலுக்கே பத்து கிலோ போட்டிருக்கிறீர்கள், அதையும் தண்டை ஒட்டி. புதிதாக அறுந்த வேர் முனையில் உரக் கரைசல் பட்டால் வேர் கருகத்தான் செய்யும். உரத்தைத் தூரில் வைத்தால்தான் செடிக்குச் சேரும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. தூரில் உறிஞ்சுகிற வேர் ஏது? ஒரு சாண் தள்ளி, வேர் நுனிகள் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது வாடுகிற பாதிக்குச் செய்ய வேண்டியது இது. கவட்டை வரை ஏற்றிய மண்ணைக் கையாலேயே விலக்குங்கள், கருவி வேண்டாம். பழைய நிலமட்டத்துக்கு மேல் இரண்டங்குலம் மண் தண்டைச் சுற்றி இருந்தால் போதும். முற்றிய காய்களை உடனே பறித்துவிடுங்கள், சுமை குறையும். தண்ணீரைத் தேக்காமல் மெல்லியதாக, வாய்க்காலில் ஓடவிட்டு எடுத்துவிடுங்கள். வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் கட்டத் தோன்றும். அறுந்த வேர் சேற்றில் அழுகும், அதைச் செய்யாதீர்கள். வைக்கோலோ காய்ந்த இலைதழையோ கிடைத்தால் வரிசைக்கு நடுவே பரப்பினால் மண் சூடு தணியும். பத்து நாளில் புது வேர் ஓடிவிடும், மதிய வாட்டம் குறைவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன் வேறு உரம் எதுவும் வேண்டாம். 60ஆம் நாள் யூரியாவை இந்தப் பாதிக்கு மட்டும் விட்டுவிடுங்கள், போட்டதே அதிகம்.

பூ நிற்பதற்கு நாப்தலின் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது வழக்கம்தான். 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில், நட்ட 60, 90ஆம் நாட்களில் தெளிப்பார்கள். 4.5 சதவீதக் கரைசலாகக் கிடைப்பதை 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டேகால் மில்லி கலந்தால் அந்த அளவு வரும். ஆனால் வேர் தேறிய பிறகுதான் அதனால் பயன் உண்டு. செடி தண்ணீருக்குத் தவிக்கும்போது அதைத் தெளிப்பது வீண் செலவு.

முழுதாகக் காய்ந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு செடிகளை மேலே சொன்னதோடு சேர்க்காதீர்கள். உங்கள் இடைவெளிக்கு 30 சென்ட்டில் சுமார் நாலாயிரத்து முந்நூற்றைம்பது செடி இருக்கும். அதில் பன்னிரண்டு போனால் நட்டம் பெரிதில்லை, காரணம் தெரியாமல் போனால்தான் கவலை. இரண்டு மூன்று செடிகளை மண்ணோடு பெயர்த்துத் தூரைப் பாருங்கள். தண்டைச் சுற்றி வெள்ளை நூல்போலப் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோசியம் தூரழுகல். கறுத்து, ஈரமாக, தோல் உரிந்து வந்தால் பைட்டோப்தோரா அழுகலாக இருக்கலாம். தூர் நன்றாக இருந்து, தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்பு ஓடியிருப்பது வாடல் நோய்க்கு அடையாளம். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இன்னும் பச்சையாக வாடும் செடி ஒன்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சிறிது நேரத்தில் வெட்டுமுனையிலிருந்து பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து தேடாதீர்கள். செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அந்தக் குழியைத் தொட்ட தண்ணீர் மற்ற வரிசைக்கு ஓடாமல் வாய்க்காலை அடைத்துவிட வேண்டியதுதான்.

தூரழுகல்தான் என்றால், அது நீங்கள் குவித்த மண்ணால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தண்டின் பச்சைத் தோல் ஈரமண்ணுக்குள் மூடிக்கிடந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? கருப்பு அழுகலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, செத்த செடியின் இடத்திலும் சுற்றியுள்ள செடிகளின் தூரிலும் ஊற்றுங்கள். கடுகு உருண்டை கண்டால் டிரைகோடெர்மா விரிடியை மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூரில் இடலாம், ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ தொழுவுரம் என்ற கணக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. டிரைகோடெர்மாவும் ஒரு பூசணம்தான், தாமிரம் அதையும் கொன்றுவிடும்.

சரி, மாமனார் சொன்னது சரியா, தோட்டக்காரர் சொன்னது சரியா? அவரவர் நிலத்தில் இருவர் சொல்வதும் சரிதான். முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்துக் குண்டு மிளகாய் (ராமநாதபுரம் முண்டு என்று 2023இல் புவிசார் குறியீடு பெற்றது) பெரும்பாலும் விதையை நேரே நிலத்தில் விதைத்து மழையை நம்பி விளைவது. பிடுங்கி நடாததால் அதன் ஆணிவேர் அறுபடாமல் கீழே போகிறது. மேலே கொத்து பட்டாலும் தாங்கும். அங்கே கொத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரிசல் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியே அடி ஈரம் போகும், வேரும் அறும். மேலே கிளறிவிட்ட புழுதி வெடிப்பை மூடிவிடுகிறது. உங்கள் மாமனார் சொல்லும் மூன்று கொத்து, களையும் வெடிப்பும் போக மேலாகக் கொத்துவது. அவர் கவட்டை வரை மண் ஏற்றச் சொல்லியிருக்க மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

கவட்டை வரை ஏற்றும் பழக்கம் தக்காளியிலிருந்து வந்திருக்கலாம். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும், அதற்கு ஏற்ற ஏற்ற நல்லது. மிளகாய் அந்த விஷயத்தில் கஞ்சம். ஒன்றிரண்டு வேர் விட்டாலும் மூடிய உயரத்துக்கு ஈடாக விடாது.

இப்படியெல்லாம் சொன்னதால் மிளகாய்க்கு மண் அணைக்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காய் பிடித்த செடி காற்றில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆணிவேர் இல்லாத செடிக்குத் தூரில் மண் முட்டுக் கொடுத்தாக வேண்டும். அணைத்த வரிசையில் தண்ணீர் தூரைத் தொடாமல் வாய்க்காலோடு போகும், யூரியாவும் மண்ணுக்குள் மூடப்பட்டுக் காற்றில் வீணாகாது. பழைய ஆட்கள் இதற்காகவே நாற்றைப் பாரின் (வாய்க்கால்களுக்கு நடுவே உள்ள மண்மேட்டின்) உச்சியில் நடாமல் ஒரு பக்கச் சரிவில் நடுவார்கள். 30ஆம் நாள் எதிர்ப்பக்கத்து மண்ணை வெட்டிச் செடிப்பக்கம் தள்ளும்போது செடி பாரின் நடுவுக்கு வந்துவிடும், பழைய பார் இருந்த இடம் வாய்க்காலாகிவிடும். வேர் அதிகம் ஓடாத பக்கத்திலிருந்துதான் மண் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த முறை நீங்களும் அப்படி நடலாம்.

நட்ட 15, 20 நாளில் ஓரங்குல ஆழத்துக்கு ஒரு களைக்கொத்து, 30ஆம் நாள் உரமிட்டு மண் அணைப்பு, 45ஆம் நாள் வாக்கில் தேவைப்பட்டால் லேசாக ஒரு கிளறல். செடிகள் ஒன்றோடொன்று கை கோத்த பிறகு கொத்து வேண்டாம், களையைக் கையால் பிடுங்குங்கள். உங்கள் முதல் அணைப்பே 40 நாள் தாண்டித்தான் நடந்திருக்கிறது. ஆழத்தோடு இந்தத் தாமதமும் சேர்ந்துதான் இவ்வளவு வாட்டம்.

ஆகவே மீதிப் பாதியை அணையுங்கள், ஆனால் வேறு விதமாக. மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், கீழே போட்டால் உதிர வேண்டும். பிசுபிசுத்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் கொத்திய செம்மண் காய்ந்தபின் கட்டி கட்டியாகிவிடும். செடியைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குள் மண்வெட்டி போகவே கூடாது. அங்கே இறுகிய மேல்தோலைச் சிறிய களைக்கொத்தால் விரல் தடிமனுக்குப் பெயர்த்தால் போதும், மண் மூச்சு விடும். தரையைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புதைந்து அழுகும். பிறகு வாய்க்காலில் படிந்த மண்ணை மட்டும் மண்வெட்டியால் அள்ளிப் பாரின் தோளில் போட்டு, தண்டருகே இரண்டங்குலம் ஏறும்படி, வெளிப்பக்கம் சரிவாக அணையுங்கள். குழிபோல விட்டால் மழைநீர் தூரில் நிற்கும். மக்காத சாணியை அதோடு சேர்க்காதீர்கள், வேர்ப்புழு வரும்.

வேலையை மாலையில் செய்தால் செடிக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கும். இந்தப் பாதிக்கு யூரியா நாலு கிலோ, சாண் தள்ளிக் கோடு கிழித்து வைத்து, மண் மூடி, அன்றே மெல்லிய தண்ணீர். அதற்கு முன் அந்த டம்ளர் சோதனையைச் செய்துவிடுங்கள். பால் இறங்கினால் வாடிய பாதியில் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள்.