யார் மிஸ் கழுவுவாங்க?

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கடலில் எண்ணெய் கொட்டினால் பறவைகள் என்ன ஆகும் என்று ஒரு பாடம் எடுத்தேன். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோது எடுத்த படங்களைக் காட்டினேன். பிறகு தட்டில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, ஒரு இறகை முக்கி எடுத்து, பாத்திர சோப்பால் கழுவினோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் “நிஜப் பறவைய யார் மிஸ் கழுவுவாங்க?” என்று கேட்டு அழுதான். மறுநாள் அவன் அம்மா வந்து சண்டை போட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள டீச்சர்,

சொல்லலாம். அந்த அம்மாவின் கோபம் ரெண்டு நாளில் ஆறிவிடும், விடுங்கள்.

என் கோபம் வேறு. வேளச்சேரியிலிருந்து அலாஸ்கா வரைக்கும் போன உங்களுக்கு எண்ணூர் போக வழி தெரியவில்லையா? 2017 ஜனவரி 28 அன்று அங்கே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு, எண்ணெய் கடலில் கொட்டியது. சில நாள் கழித்து நான் எர்ணாவூர் பாரதியார் நகர் கரைக்குப் போனேன். தாரும் கூழும் கலந்த மாதிரி ஒன்று பாறை இடுக்கெல்லாம் தேங்கிக் கிடந்தது. அதை ஆட்கள் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், வாளியில். நானும் அரை மணி நேரம் அள்ளினேன். கையில் ஒட்டியது சோப்புக்கு அசையவில்லை. ஒரு மீனவப் பெண் தேங்காய் எண்ணெய் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அதனால்தான் உங்கள் சோப்பு எனக்கு உறுத்துகிறது. இறகின் மெல்லிய இழைகள் கொக்கி போட்டதுபோல ஒன்றோடொன்று கோத்திருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. எண்ணெய் பட்டால் அந்தக் கோப்பு குலைந்துவிடும். தண்ணீர் தோலைத் தொடும், உடம்புச் சூடு போகும், மிதக்கவும் முடியாது. பறவை சும்மா இருக்குமா? அலகால் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். அத்தனையும் வயிற்றுக்குள் போகும். அங்கே எந்த சோப்பு போடுவீர்கள்? கழுவுவதற்கு முதலில் பிடிக்க வேண்டுமே! பாதி எண்ணெய் பட்ட பறவைக்குப் பறக்கத் தெம்பிருக்கும், கையில் சிக்காது. சிக்குகிற நேரத்தில் தெம்பிருக்காது. பிடித்துக் கழுவினாலும், சரியாக அலசாமல் விட்ட சோப்பே மறுபடி இறகைக் கெடுக்கும். கைதட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் கறை. (பெலிக்கன் என்றுதானே சொல்லித் தருவீர்கள்? கூழைக்கடா என்று சொல்லுங்கள்.) அலையாத்தி மரங்களுக்குச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற மூச்சுவேர்கள் உண்டு. அவற்றின்மேல் எண்ணெய் பூசிக்கொண்டால் மரம் எப்படி மூச்சுவிடும்? காட்டையே தட்டில் வைத்துக் கழுவுவீர்களா?

அடுத்த முறை சோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தட்டு அப்படியே ஒரு வாரம் வகுப்பில் இருக்கட்டும். நாறினால் நாறட்டும்.

உங்களைத் திட்டிவிட்டேன். பாடப் புத்தகத்தில் இல்லாததை மெனக்கெட்டுச் சொல்லித் தருகிறவர் என்பதால்தான் இவ்வளவு உரிமை. ஆனால் ஒன்று, அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவேயில்லையே?