லியோ ஸ்மித் ஊதாத இடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தின் 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' தொகுப்பைக் கேட்டேன். டிரம்பெட்டில் ஒரு ஒலி, பிறகு நிசப்தம். மறுபடி ஒரு ஒலி, மறுபடி நிசப்தம். நான்கு குறுந்தகடும் இப்படித்தானா? முனகிக்கொள்ள ஒரு மெட்டாவது வேண்டாமா? தொடர்ந்து வாசிக்க வராததால்தான் இப்படி ஊதுகிறாரோ என்றுகூடத் தோன்றியது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

வாசிக்க வராதவர் அல்ல. மிசிசிப்பி டெல்டாவில் லீலண்ட் என்ற சிற்றூரில் 1941-இல் பிறந்தவர். வளர்ப்புத் தந்தை ப்ளூஸ் கிட்டார் கலைஞர். பதின்வயதிலேயே ப்ளூஸ் குழுக்களில் ஊதினார், பிறகு ராணுவ வாத்தியக் குழுக்களில். ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் எழுபதுகளின் இசையைக் கிட்டார் கலைஞர் ஹென்றி கைசருடன் சேர்ந்து மறுபடி வாசித்த 'யோ மைல்ஸ்!' பதிவுகளைக் கேளுங்கள். நீங்கள் தேடும் தாளம் அங்கே கொட்டிக் கிடக்கிறது.

அந்த நிசப்தம் அவர் எழுதி வைத்தது. 1967-இல் சிகாகோ சென்று, கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே நடத்திய ஏஏசிஎம் அமைப்பில் சேர்ந்தார். ஆண்டனி பிராக்ஸ்டன், லீராய் ஜென்கின்ஸ் போன்றவர்களோடு வாசித்த அந்த ஆண்டுகளில் ஒரு முறையை வகுத்தார். ஊதிய ஒலியும் அதற்கு ஈடாக விடப்படும் மௌனமும் சேர்ந்துதான் ஓர் அலகு. மௌனத்தைச் சுருக்கினால் தாளமே தப்பிவிடும். பின்னாளில் இது வண்ணங்களும் வடிவங்களும் கொண்ட 'ஆங்க்ராஸ்மேஷன்' என்ற குறியீட்டு மொழியாக வளர்ந்தது. அந்த வண்ணம் தனக்கு என்ன தருகிறது என்று ஒவ்வொரு கலைஞரும் யோசித்து, ஆராய்ந்து வந்துதான் வாசிக்க வேண்டும்.

மெட்டு ஏன் இல்லை என்கிறீர்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டத்தைப் பற்றியது அந்தத் தொகுப்பு. அதில் எம்மெட் டில் பெயரில் ஒரு படைப்பு இருக்கிறது. 14 வயதுச் சிறுவன். வெள்ளையர்கள் அவனைக் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். 1955-இல், இதே மிசிசிப்பி டெல்டாவில். அவனும் 1941-இல் பிறந்தவன்தான். அப்போது லீலண்டில் வளர்ந்துகொண்டிருந்த கறுப்பினச் சிறுவன் லியோ ஸ்மித்துக்கு வயது 13. இதை ஒரு ஒப்பாரியாக்கி நம்மை அழவைத்து அனுப்பிவிடுவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை. டிரம்பெட் நிமிர்ந்து நிற்கிறது, அழுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

1963-இல் ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட சிவில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸுக்காக 1977-இல் ஒரு படைப்பு எழுதினார். அங்கே தொடங்கியதுதான் இந்தத் தொகுப்பு. 2012-இல் வெளியாகும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதோடு வாழ்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

ஆனால் நாலரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்கச் சொல்ல மாட்டேன். ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கை நினைத்து அவர் தனி டிரம்பெட்டில் வாசித்த 2017 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் மாங்க்கின் புகழ்பெற்ற 'ரவுண்ட் மிட்நைட்' உண்டு, நீங்கள் கேட்ட மெட்டும் அதில் உண்டு. மெட்டு தெரிந்திருப்பதால் அவர் எங்கே நிறுத்துகிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது தெளிவாகப் பிடிபடும். அதன்பின் மெட்கர் எவர்ஸ் படைப்பை மட்டும், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.