கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சு, நானும் மனைவியும் சேர்த்து ஒரே ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கிறதா, தனித்தனியாவா? எந்த பிளான் நல்லது?

எந்த கம்பெனின்னு நான் சொல்லப் போறதில்ல, சொன்னா உடனே கமிஷன் எவ்வளவுன்னு கேக்க நாலு பேர் வருவாங்க. நான் ஏஜென்ட் இல்ல, ஈரோட்டுல டியூஷன் எடுக்கிறவ. பட்டதை மட்டும் சொல்றேன்.

நீங்களும் எங்களை மாதிரிதான், யாராவது சொந்தக்காரர் ஏஜென்டா இருப்பார், அவர்கிட்ட எடுத்துரலாம்னு நினைச்சிருப்பீங்க. எங்களுக்கு என் பெரியப்பா பையன். 2019ல வீட்டுக்கு வந்து காபி குடிச்சிக்கிட்டே ரெண்டு பேருக்கும் சேர்த்து 3 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் போட்டார். ஃப்ளோட்டர்னா அந்த 3 லட்சம் ரெண்டு பேருக்கும் பொது, ஒருத்தர் 2 லட்சம் எடுத்துட்டா அந்த வருஷம் மத்தவருக்கு மிச்சம் 1 லட்சம்தான். பிரீமியம் வீட்டுல யாருக்கு வயசு அதிகமோ அவர் வயசை வச்சு. எங்க வீட்டுக்காரர் என்னைவிட 8 வயசு பெரியவர், இதெல்லாம் அப்ப யாருக்குத் தெரியும்.

2022 ஜனவரில எனக்கு பித்தப்பையில கல்லு. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி தாங்காம அட்மிட் ஆனேன். கவுன்டர்ல ‘ஷேரிங்கா, சிங்கிள் ரூமான்னு’ கேட்டாங்க, இன்சூரன்ஸ்தான் இருக்கேன்னு இவர் சிங்கிள்னுட்டார், நாளைக்கு 6,000. எங்க பாலிசில ரூம் வாடகை நாளைக்கு பாலிசித் தொகையில 1 சதவீதம், அதாவது 3,000தான். சரி, நாலு நாளுக்கு 12,000 கையில இருந்து போகும்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ரூம் பாதிக்குத்தான் தகுதின்னா ஆபரேஷன் சார்ஜ், டாக்டர் ஃபீஸ், நர்சிங் எல்லாத்துலயும் பாதிதான் தருவாங்களாம். மொத்த பில் 1,42,000. மருந்து, டெஸ்ட் 34,000 முழுசா வந்துச்சு. ஆபரேஷன் வகையறா 75,000ல 37,500. ரூம் 24,000ல 12,000. கிளவுஸ், ஸ்பிரிட், ஃபைல் சார்ஜ்னு ஒரு 9,000, அதுல ஒத்த ரூபா வரல. ஆக 58,500 நாங்க கட்டினோம். காலைல பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி அப்ரூவல் வர ராத்திரி எட்டரை, தையலோட சேர்ல உக்காந்திருந்தேன். இப்ப 3 மணி நேரத்துக்குள்ள அப்ரூவ் பண்ணணும்னு 2024ல ரூல் போட்டிருக்காங்க.

அந்த அண்ணன் ஆஸ்பத்திரி பக்கமே வரல. போன் பண்ணா ‘அதெல்லாம் பாலிசிலயே போட்டிருக்கேம்மா’ன்னார். அவர் பொண்ணு சீருக்கு நாங்க அரைப் பவுன் மோதிரம் போட்டோம், என் தம்பி கல்யாணத்துக்கு அவர் 500 ரூபா மொய் எழுதிட்டுப் போனார், அதை நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சரி விடுங்க, கேள்விக்கு வரேன்.

இதைவிடப் பெரிய கூத்து, அப்புறம்தான் ப்ரொபோசல் ஃபார்ம், அதான் பாலிசி எடுக்கறப்ப எழுதிக் கொடுத்த ஃபார்ம், அதோட காப்பியை எடுத்துப் பாத்தேன். இவருக்கு 2017ல இருந்து சுகர் மாத்திரை. ஃபார்ம்ல சர்க்கரை நோய்ங்கிற இடத்துல ‘இல்லை’. போட்டா பிரீமியம் ஏறும்னு அண்ணனே டிக் அடிச்சிருக்கார், நாங்களும் பாக்காம கையெழுத்து போட்டிருக்கோம், தப்பு எங்க மேலயும்தான், படிச்ச பொண்ணு படிக்காம கையெழுத்து போடலாமான்னு கேட்டுறாதீங்க, எங்கம்மா கேட்டாச்சு. அட்மிட் ஆனது நானா இல்லாம இவரா இருந்திருந்தா மறைச்சீங்கன்னு கிளெய்மையே தள்ளியிருப்பாங்க.

அதனால 2024ல பிரிச்சிட்டோம். நான் ரெனியூவலுக்கு 45 நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்து வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணேன், வெயிட்டிங் பீரியட், அதாவது சில வியாதிக்கு கிளெய்ம் பண்ண முடியாம காத்திருக்கிற காலம், அதுல முடிஞ்சது அப்படியே கூட வந்துச்சு. இவருக்கு சுகரைச் சொல்லியே புதுசா தனி பாலிசி, ரூம் லிமிட் இல்லாதது. பிரீமியம் ஜாஸ்திதான்.

உங்களுக்கு வயசு கம்மி, ரெண்டு பேருக்கும் வியாதி எதுவும் இல்லன்னா ஃப்ளோட்டர் போதும், தொகையை மட்டும் 10 லட்சமா போடுங்க. வயசு வித்தியாசம் அதிகம், இல்ல ஒருத்தருக்கு பிரஷர் சுகர் இருக்குன்னா ரெண்டு விதமாவும் கணக்கு போட்டுப் பாருங்க. குழந்தை யோசனை இருந்தா பிரசவத்துக்கு எத்தனை மாசம் வெயிட்டிங்னு இப்பவே கேளுங்க, மாசமானப்புறம் எடுத்துப் பிரயோஜனமில்ல. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாம், அந்த 30 நாள்ல ரூம் வாடகை, கோ-பே (ஒவ்வொரு கிளெய்ம்லயும் நம்ம கையில இருந்து கட்ட வேண்டிய பங்கு), நீங்க சொன்ன வியாதியெல்லாம் ஏறியிருக்கா, இந்த மூணையும் பாத்துருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்ல, பழைய ரேட்டைச் சொல்லி யாராவது கேட்டா ஏமாந்துராதீங்க.

இன்சூரன்ஸ் கம்பெனியோட ஆபிஸ் செலவுக்குப் பணம் கட்டுறதுக்குப் பதிலா பேங்க்ல போட்டு வைக்கலாமேன்னு ஒருத்தர் கண்டிப்பா எழுதுவார். நாங்க ரெண்டும் பண்றோம். இவர் சுகருக்கு வெயிட்டிங் 3 வருஷம், 2027லதான் முடியுது, அது வரைக்கும் அதுல ஏதாவது வந்தா கைக்காசுதான், அதுக்குன்னு மாசம் 2,000 ஆர்.டி. ஓடிட்டிருக்கு.