பாட்டி பாட்டை ரெக்கார்ட் பண்ண எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, நீலகிரில கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல இருக்கோம். எங்க பாட்டிக்கு 78 வயசு, அவங்க பாடுற படுகப் பாட்டையெல்லாம் கிடார், தபேலா சேர்த்து வீட்லயே ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்னு ஆசை. கைல 40,000 ரூபா இருக்கு. கோயம்புத்தூர்ல ஒரு கடைல, கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்தான் வேணும், 70,000 ஆகும்னு சொல்றாங்க. கடன் வாங்கலாமா?

வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. கிராஃபிக்ஸ் கார்டு கேமுக்கும் வீடியோவுக்கும், பாட்டு ரெக்கார்ட் பண்றதுக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. உங்களுக்கு வேண்டியது நாலஞ்சு ட்ராக், அதாவது குரல், கிடார், தபேலான்னு தனித்தனியா எடுக்கற பதிவு, நல்ல தரத்துல (24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ்) ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8 எம்பிதான் வரும், சுமாரான லேப்டாப்பே இதைத் தாங்கும்.

ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசை சரிபண்ணி விக்கற லேப்டாப் பாருங்க. இன்டெல்னா 8வது ஜெனரேஷன் ஐ5க்கு கீழ போகாதீங்க, அதுக்கு முந்தின பெரும்பாலான மாடல்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. திங்க்பேட் டி480 மாதிரி பழைய ஆபீஸ் லேப்டாப்ல ரேம் ஸ்லாட் ரெண்டு இருக்கும், இப்போ 8 ஜிபி, பணம் வந்ததும் 16 ஆக்கிக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி கட்டாயம். டெஸ்க்டாப் வேணாம்னு நான் அழுத்தி சொல்றதுக்கு நம்ம ஊரு கரண்ட்டும் ஒரு காரணம், ஐப்பசில மழை புடிச்சு எங்கயாவது மரம் சாஞ்சா பாதிப் பாட்டுல எல்லாம் போயிடும், யுபிஎஸ்க்கு தனியா செலவு பண்ணணும், லேப்டாப்னா பேட்டரி இருக்கு.

பாக்கி பணத்தை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கற பெட்டி), மைக், காதை முழுசா மூடுற ஹெட்போன் மூணுக்கும் வைங்க. இன்டர்ஃபேஸுக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும், இன்னும் குறைச்சலா வேணும்னா பெரிங்கர் யுஎம்சி22. மைக்ல டைனமிக், கண்டென்சர்னு ரெண்டு வகை உண்டு, நீங்க டைனமிக்கா வாங்குங்க, ஷூர் எஸ்எம்58 மாதிரி, அது 1966லேர்ந்து வர்ற மைக். கண்டென்சர் துல்லியமா புடிக்கும்தான், ஆனா தகரக் கூரை மேல விழற தூறலையும் வளைவுல ஹாரன் அடிக்கிற பஸ்ஸையும் சேர்த்து புடிக்கும், ஈரமும் ஆகாது. குன்னூர்ல என்கிட்ட இருந்த கண்டென்சர் ஒரு ஆடி மாசம் பூரா படபடன்னு சத்தம் போட்டுச்சு, அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாலதான் வைக்கறேன். எந்த மைக்கா இருந்தாலும் நீங்களும் அப்படியே வைங்க.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ரீப்பர், 60 நாள் இலவசமா பாக்கலாம், அப்புறம் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் 60 டாலர். அதுல பஃபர் சைஸ், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கற சத்தத் துண்டோட அளவு, 128 வைங்க, அந்த அளவுல மட்டும் பாத்தா 3 மில்லிசெகண்ட்தான் தாமதம், சத்தம் வெட்டுச்சுன்னா 256.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. பாட்டி காதுல ஹெட்போன மாட்டி தாளம் காட்டுற கிளிக் சத்தத்துக்கு பாட வைக்காதீங்க, அவங்க இழுக்கற இடத்துல இழுக்கட்டும், முதல்ல குரலை மட்டும் தனியா எடுங்க, கிடாரும் தபேலாவும் அவங்க நடைக்கு பின்னாடி போகட்டும். ரூம்ல அவங்களுக்கு முன்னாடியும் பக்கத்துலயும் கொடி கட்டி கம்பளிய தொங்க விடுங்க, எதிரொலி நல்லாவே குறையும். அந்தப் பாட்டு எந்த சமயத்துல பாடறது, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு அவங்க வாயாலயே சொல்ல வச்சு அதையும் சேர்த்து சேவ் பண்ணுங்க, எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி போட்டு சொந்தக்காரங்க வீட்ல ஒண்ணு குடுத்து வைங்க.